மடியில் வாங்கிக்கொண்ட பை

"மிஷ்டியா, தாதா?" என்று கேட்டாள் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணி.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? பூஜைக்கு முந்தைய நெரிசலில் பிதுங்கும் பஸ். என் முதுகில் யாரோ ஒருவரின் முழங்கை. என் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை, அதற்குள் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பா. டப்பாவில் இருந்தது இனிப்பு இல்லை. அன்று காலை என் மனைவியின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி, மருந்துத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத பெண்மணியிடம் இதை எந்த மொழியில் சொல்ல முடியும்?

"கொடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன்" என்றாள். கொடுத்துவிட்டேன்.

தாதா என்றதும் ரவுடி என்று நினைக்க வேண்டாம். கொல்கத்தாவில் அண்ணனுக்கு அதுதான் பெயர்; அக்கா என்றால் தீதி, சித்தி என்றால் மாஷி, இனிப்பு என்றால் மிஷ்டி. அவள் பேசியது வங்காளம். எனக்குக் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நான் துறைமுக அலுவலகத்தில் கோப்புத் தள்ளி ஓய்வு பெற்றவன். மாற்றலாகி வந்த ஊரிலேயே, பவானிபூரில் ஒரு மாடி வீட்டில் தங்கிவிட்டோம், நானும் கோமதியும். பிள்ளைகள் கிடையாது. அதனால் கோமதிக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஓடுவதற்கும் நான்தான், உட்கார்ந்து அழுவதற்கும் நான்தான்.

பேஷண்ட் பார்ட்டி

இந்த ஊர் நர்சிங் ஹோம்களில் நோயாளியின் சொந்தக்காரர்களை 'பேஷண்ட் பார்ட்டி' என்பார்கள். ஏதோ தேர்தலில் நிற்கிற கட்சி மாதிரி. "கோமதி பேஷண்ட் பார்ட்டி யாரு?" என்று கூப்பிட்டதும் கட்சியின் ஒரே தொண்டனாக எழுந்து போனேன். வார்டு ஆள் டப்பாவை என் கையில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அது உடம்பின் சூடா, அவன் கைச்சூடா என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அறுத்ததைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அங்கே வீட்டுக்காரர்கள் வேலை. லேப் இருந்தது நகரத்தின் அந்தக் கோடியில், கிதிர்பூர் பக்கம்.

"பத்திரம்" என்றார் டாக்டர். "என்ன வகை, எந்த மருந்து வேலை செய்யும், எல்லாம் இதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொத்தத்தையும் எடுத்தாச்சு. இதைத் தொலைச்சா மறுபடி எடுக்க அங்கே ஒண்ணும் இல்லை. அப்புறம் நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் மருந்து கொடுக்கணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சேத்துருங்க."

கோமதி அரை மயக்கத்தில் இருந்தாள். மஞ்சள் பையைப் பார்த்ததும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. என் தங்கை மகன் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை அது.

"பத்திரமாக் கொண்டு போங்க. குடையை விட்டுட்டு வார மாதிரி வந்து நிக்காதிய" என்றாள். அவள் திருநெல்வேலிக்காரி. அறுத்துப் போட்டாலும் நையாண்டி போகாது.

டாக்ஸியில்தான் போவதாக இருந்தேன். தெருவெல்லாம் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டு வழியை மறித்திருந்தார்கள். அந்தப் பக்கம் என்றதுமே டாக்ஸிக்காரர்கள் கையை விரித்தார்கள். ஒரு மணி நேரம் கெஞ்சிவிட்டுப் பஸ் ஏறினேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. அந்த நினைப்பே இல்லை.

இந்த ஊர் மடி

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொல்கத்தா பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவரின் மடி அவருக்குச் சொந்தமில்லை. நிற்கிறவர்களின் பை, குடை, சாப்பாட்டுக் கூடை, சமயத்தில் குழந்தை, எல்லாம் அதில் வந்து இறங்கும். கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவரே கையை நீட்டுவார். நம் ஊர் பஸ்ஸிலும் உண்டு என்பீர்கள். உண்டுதான். இங்கே அது கொஞ்சம் கூடுதல்.

வந்த புதிதில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஒருநாள் சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடினேன். திறந்தால் மடியில் ஈரமாக ஒரு பை. உள்ளே இருந்து இலிஷ் மீன் என்னை முறைத்துப் பார்க்கிறது. நான் முட்டையைக் கூடத் தொடாதவன். பேன்ட் முழுக்க மீன் தண்ணீர். "யார் மீன் இது?" என்று கத்தினால், தூரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலையர், "நல்ல மீன் தாதா, டயமண்ட் ஹார்பர் மீன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். கோமதி அன்றைக்கு என்னை வாசலிலேயே நிற்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நில்லாமல் நானும் கையை நீட்ட ஆரம்பித்தேன். கொடுத்தவரும் வாங்கியவரும் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்வதில்லை. இறங்கும்போது பை தானாகக் கைக்கு வந்துவிடும். ஒரு நாளும் தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இறங்கி ஏறுவதற்குள்

ஹாஜ்ரா சந்திப்பில் பஸ் நின்றது. "ஆஸ்தே, மெதுவா, லேடீஸ், மடியில குழந்தை" என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டினார். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்க வழியில்லாமல் தவித்தாள். படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்ற நாங்கள் நாலைந்து பேர் கீழே இறங்கி வழி விட்டோம். இதுவும் இந்த ஊர் வழக்கம்தான். இறங்கி, வழி விட்டு, மறுபடி தொற்றிக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் தொற்றிக்கொண்டார்கள். எனக்குக் கால் எழும்பவில்லை. கண்ணுக்கு முன் ஏதோ கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஓடியது. கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினேன், பஸ் அங்கே இல்லை.

கோமதியின் மார்பு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

ஓடினேன். ஓட முடியவில்லை. அப்போதுதான், அதுவரை வராத டாக்ஸி ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. "அந்தப் பஸ்ஸைப் பிடி" என்றேன். அவன் நல்லவன்தான், முயற்சி செய்தான். பஸ்ஸின் பின்பக்கத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பாலம் ஏறினோம், அலிப்பூர் தாண்டினோம், ஒரு சிக்னலில் பஸ் மறைந்துவிட்டது. கிதிர்பூரில் கடைசி நிறுத்தத்தில் போய்ப் பிடித்தபோது பஸ் காலியாக நின்றது. கண்டக்டர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் பையா? அந்த மாஷி கையில வச்சிருந்தாங்களே. ஹாஜ்ராவுக்கு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிட்டாங்க, பையோட" என்றார்.

பையோடு இறங்கிவிட்டாள். இனிப்பு என்று வேறு நானே சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கேவலமாக ஒரு மனுஷியைத் திட்ட முடியுமோ அவ்வளவும் மனதுக்குள் திட்டினேன், நல்ல தமிழில். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு அலறிக் குப்பையில் எறிவாள். பிறகு நாய் இருக்கிறது, காக்கை இருக்கிறது. அதற்கு மேல் நினைக்க முடியாமல் பஸ் டயரில் சாய்ந்து நின்றேன்.

"போனது போனதுதான் தாதா, வீட்டுக்குப் போங்க" என்றார் அங்கிருந்த ஒருவர். அவருக்கு என்ன தெரியும்.

டாக்ஸியைத் திருப்பச் சொன்னேன். எதற்கு என்றால் எனக்கே தெரியாது. நர்சிங் ஹோம் அந்தத் திசையில் இருந்தது, அவ்வளவுதான். கோமதியிடம் என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

பாலத்தை விட்டு இறங்கியதும் பஸ் நிறுத்தம். பந்தல் மூங்கில்களுக்கு நடுவே, நல்ல வெயிலில், நடைபாதையின் விளிம்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண் வருகிற வண்டிகள் மேலேயே இருந்தது.

டாக்ஸி நிற்பதற்கு முன் இறங்கி, விழாத குறையாகப் போய் நின்றேன்.

"வந்துட்டீங்களா" என்றாள். "நீங்க டாக்ஸில போறப்போ கத்தினேன். பஸ்ஸையே பாத்துக்கிட்டுப் போனீங்க. சரி, போன மனுஷன் இந்த வழியாத்தானே திரும்பணும்னு நின்னுட்டேன்."

பையை வாங்கினேன். டப்பா இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. அவ்வளவுதான் தெரியும், நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை வெடவெடவென்று ஆடியது. உடம்பெல்லாம் வேர்வை.

"சர்க்கரையா? சாப்பிடலையா?" என்று அவளும் குந்தி உட்கார்ந்தாள். தோள்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை ஒன்றை என் வாயிலேயே வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும். நான் வெட்கமில்லாமல் தின்றேன். பசித்த நாய்கூட அப்படித் தின்றிருக்காது. அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றாள்.

கண் தெளிந்ததும், "இது மிஷ்டி இல்லை, தீதி" என்றேன்.

"தெரியும். மிஷ்டி கொண்டு போறவன் முகம் அப்படி இருக்காது. பஸ் ஒரு குலுக்கு குலுக்கினதும் மருந்து வாசனை வந்துச்சு. என் மாமியாருக்கு எடுத்தப்போ நான்தான் தூக்கிட்டு அலைஞ்சேன்." பையைப் பார்த்து, "வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

அவள் பெயர் மாலதி. பிள்ளை பெற்ற வீடுகளில் ஆயா வேலை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, கருக்கலில் சமைத்துக் கட்டிக்கொண்டு, லோக்கல் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறாள். எங்கே போக வேண்டியது என்று கேட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"கோர்ட்டுக்கு. பையன் கேஸு. தீபுன்னு பேரு. இன்னிக்கு அவனுக்குத் தேதி. மத்தியானம் ஜெயில் வண்டியில கொண்டு வருவாங்க. இறக்கி உள்ளே கூட்டிட்டுப் போற வழியில நின்னா, பக்கத்துல பாக்கலாம். காவலுக்கு நிக்கிறவன் நல்ல மனுஷனா இருந்தா கையைத் தொட விடுவான். தின்ன ஏதாவது கொடுத்தாலும் கண்டுக்க மாட்டான்."

மத்தியானம் தாண்டி வெகு நேரமாகியிருந்தது. என் வாயில் வெல்லம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தேன். அடியில் இரண்டு உருண்டை மிச்சம்.

"ஜெயில்ல போய்ப் பாக்க விடமாட்டாங்களா?"

"விடுவாங்க. ரெண்டு வலைக்கு நடுவுல எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. எது யார் குரல்னே தெரியாது. தொட முடியாது."

"பையை ஏதாவது கடையில கொடுத்துட்டுப் போயிருக்கலாமே, தீதி. இதோ, பாலத்தைத் தாண்டினா கோர்ட்டு."

"கடைக்காரன் எங்கேயாவது வெயில்ல வச்சிருவான். பந்தல் வேலை பாக்கிற பசங்க மிஷ்டின்னு திறந்துருவானுங்க. நானே எடுத்துட்டு அந்தப் பக்கம் போய், அந்த நேரம் பாத்து நீங்க இந்தப் பக்கம் வந்தா?" என்றாள். பிறகு, கோபமோ தியாகமோ எதுவும் இல்லாத குரலில் சொன்னாள். "அவனுக்கு அடுத்த தேதி கொடுப்பாங்க, தாதா. இதுக்கு யாரு கொடுப்பா?"

கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

திரும்பித் திரும்பிப் பார்த்தானாம்

அவளையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு விரட்டினேன். இன்னும் வண்டி நிற்கலாம், இன்றைக்குத் தாமதமாகியிருக்கலாம் என்று நானாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பக்கவாட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாலதியை அவருக்குத் தெரிந்திருந்தது.

"இப்ப வர்றீங்களே மாஷி. கொண்டு வந்து, ஆஜர் பண்ணி, அப்பவே வண்டியில ஏத்திட்டோம். அடுத்த தேதி பூஜை லீவெல்லாம் முடிஞ்சப்புறம்தான்" என்றார். சும்மா இருந்திருக்கலாம். "உள்ளே போற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்" என்று அதையும் சொன்னார்.

மாலதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மெலிஞ்சிருக்கானா?"

"எப்பவும் போலத்தான் இருக்கான்."

ஜெயில் வண்டி நின்றிருந்த காலி இடத்தை அவள் பார்த்தாள். அங்கே ஒரு எண்ணெய்க் கறையும் நசுங்கிய மண் குவளைகளும் கிடந்தன. பிறகு என் பக்கம் திரும்பி, "போங்க, லேப்பை மூடிருவாங்க" என்றாள். செல்போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மகன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. கோர்ட்டுக்கு வரும் வழியில் அவளே சொல்லியிருந்தாள். திருட்டுச் செல்போன் விற்ற கடையில் வேலை பார்த்தானாம். "அவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சே செஞ்சிருந்தாலும் என் பையன்தானே" என்றாள்.

லேப்பில் கவுண்டரில் இருந்தவர் டப்பாவை வாங்கி, சட்டைப் பையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த சீட்டோடு ஒப்பிட்டு, மற்ற டப்பாக்களோடு வரிசையில் வைத்தார். அவருக்கு அது இன்னொரு டப்பா. "ஆச்சு, போகலாம்" என்றார்.

கோமதி கேட்டது

சாயங்காலம் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடை விஷயத்தை இழுத்து வைத்து வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்புட்டு நேரமும் கையிலேயா வச்சிருந்தா?"

"ஆமா."

"கீழ வைக்கவே இல்லையா?"

"இல்லை."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோய் வந்த நாளிலிருந்து என் முன்னால் அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். அழுது ஓய்ந்ததும், "அந்தப் பிள்ளைக்கு அடுத்த தேதி என்னைக்குன்னு கேட்டியளா?" என்றாள்.

ரிசல்ட் வந்தது. கெட்டதுதான், ஆனால் எந்தக் கெட்டது என்று பெயர் தெரிந்தது, அதற்கென்று மருந்தும் இருந்தது. கோமதி இப்போது இல்லை என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த மருந்து அவளுக்குச் சில வருஷங்களைக் கொடுத்தது. டப்பா தொலைந்திருந்தால் அந்த வருஷங்கள் எனக்குக் கிடைத்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பூஜை நாள் முழுக்கத் தெருவில் மேளம். வீட்டுக்குள் கோமதி வாந்தி. தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் தீபுவின் தேதியன்று அவள் எழுந்து, எலுமிச்சைச் சாதம் கிளறி, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஒனக்குப் பைத்தியமா?" என்றேன்.

"நான் தின்னுட்டுப் படுத்திருக்கது அவன் சோறு. வாங்க" என்றாள். தின்றது நான்.

நிழல்

கோர்ட் வாசலில் மாலதி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கோமதியைப் பார்த்ததும் அவள் கன்னத்தை உள்ளங்கையால் தொட்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கோமதிக்குக் காய்கறி வாங்குகிற வங்காளம்தான் வரும். கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி வந்தது. ஒவ்வொருவராக இறக்கினார்கள். தீபுவுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். இடுப்பில் கயிறு. காவலர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம், மாஷி" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன்.

"இவங்கதான்" என்றாள் மாலதி. ஜெயிலில் இரண்டு வலைக்கு நடுவே கத்தி அவள் ஏற்கெனவே கதையைச் சொல்லியிருந்தாள்.

அவன் எங்களை முறைப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்தால் முறைத்திருப்பேன். ஒருவேளை முகத்தில் துப்பியும் இருப்பேன். அவன் கோமதியைப் பார்த்தான். தலையில் கட்டிய துணி, புருவம் இல்லாத முகம், வெயிலில் வடிகிற வேர்வை, எல்லாவற்றையும் பார்த்தான்.

"மா, அவங்களை ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்கே? அந்தச் சுவர்ப் பக்கம் நிழல் இருக்கு பாரு. கூட்டிட்டுப் போய் உட்கார வை" என்றான்.

மாலதி உடனே திரும்பி, கோமதியின் தோளை அணைத்துப் பிடித்து, சுவரோரமாக மெல்ல நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். நிமிர்ந்து திரும்புவதற்குள் தீபுவை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். அன்றைக்கும் அவள் அவனைத் தொடவில்லை.